கொள்ளைநோயும் கைத்தொலைபேசிக் கொடுப்பனவும்: லா சப்பல் கடைத்தெருவிலிருந்து ஒரு பார்வை



2020 மே 11, திங்கட்கிழமை. மார்ச் 17 நண்பகலில் தொடங்கிய முதல் முடக்கம் பிரான்சில் தளர்ந்த நாள் அது. அதே நாளில் இன்னொரு மாற்றமும் நடைமுறைக்கு வந்தது. வங்கி அட்டையை இயந்திரத்துக்குள் செருகாமல், இரகசிய எண்ணை அழுத்தாமல், மேலே காட்டி மட்டும் காசு கொடுக்கக்கூடிய உச்சத்தொகை 30 யூரோவிலிருந்து 50 யூரோ ஆனது. 2017 அக்டோபர் வரை அந்த வரம்பு 20 யூரோதான். மக்கள் மறுபடி கடைக்கு வரத் தொடங்கும் நாளாகப் பார்த்து வங்கிகள் இந்த மாற்றத்தை வைத்தன. அட்டைக்குத்தான் இந்த வரம்பு. கைத்தொலைபேசியில் அட்டையைப் பதிந்து வைத்திருப்பவர் கைரேகையாலோ முகத்தாலோ தன்னை உறுதிப்படுத்திவிடுவதால், 50 யூரோ என்ற கட்டு அவருக்கு இல்லை. ஒரு மாத மளிகையையும் அவர் கடை இயந்திரத்தில் எந்தப் பொத்தானையும் தொடாமல் வாங்கிவிடலாம்.

கொள்ளைநோய் நாட்களில் கைத்தொலைபேசியால் காசு கொடுக்கும் பழக்கத்துக்கு மக்கள் ஏன் மாறினார்கள், ஏன் சிலர் மாறவில்லை என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். உலகெங்கும் இதை ஆராய்ந்தார்கள். ஆனால் பாரிஸின் லா சப்பலில் உள்ள நம்முடைய தெருவை வைத்து, நம்முடைய தாய்மாரையும் கடைக்காரரையும் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் விடை இங்கே வேறு விதமாக வருகிறது.

கார் து நோர் நிலையத்திலிருந்து ஃபோபூர் சென் தெனி தெரு வழியாக வடக்கே நடந்தால், இரண்டாம் இலக்க மெத்ரோ பாலத்தை அடைவதற்குள் நம்முடைய கடைத்தெரு முழுவதையும் பார்த்துவிடலாம். ரூ கை, ரூ பெர்டோனே என்று பக்கத்துத் தெருக்களிலும் அது படர்ந்திருக்கிறது. இலங்கையின் 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் கட்டி எழுப்பிய தெரு இது. மரக்கறிக் கடை, நகைக் கடை, புடைவைக் கடை, தொலைபேசிக் கடை, காசு அனுப்பும் இடம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். இந்தத் தெருவின் பெரும்பகுதி வளர்ந்தது தாள் காசில். கடைச் சுவரில், பத்து யூரோவுக்குக் குறைந்தால் அட்டை எடுக்கமாட்டோம் என்ற அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு கட்டு முருங்கைக்காயும் கொஞ்சம் கறிவேப்பிலையும் வாங்குகிறவருக்கு அட்டை தேவைப்படவில்லை.

முடக்க நாட்களில் மரக்கறிக் கடைகள் திறந்திருந்தன. வாசலில் ஒரு மீற்றர் இடைவெளிக்குக் கோடு போட்டிருந்தார்கள். காசாளருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தகடு. அட்டை இயந்திரத்தைச் சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளால் சுற்றியிருந்தார்கள். எண்கள் மங்கலாகத் தெரியும். வயதான தாய் ஒருவர் கைக்குட்டையில் முடிந்த சில்லறையை அவிழ்க்கத் தொடங்குவார். "அன்ரி, காட் இல்லையோ?" என்று பையன் கேட்பான். "என்னட்டைக் காசுதான் தம்பி இருக்கு" என்பார் அவர். பையன் ஒரு சிறிய தட்டைத் தகட்டுக்குக் கீழால் நீட்டுவான். சில்லறையை அதில் வைக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலால் எடுத்து எண்ணுவான். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து பார்ப்பார்கள். காசைத் தொடுவதே ஏதோ குற்றம் என்பதுபோல அந்தத் தாயின் முகம் சுருங்கும்.

உண்மையில் காசுத் தாள் அவ்வளவு ஆபத்தா? 2020 மார்ச்சில், தாள் காசைத் தவிர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டதாகச் செய்தி பரவியது. தாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. முதலில் வந்த செய்தி ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை. ஏப்ரல் 3 அன்று, பாசல் நகரிலுள்ள சர்வதேசத் தீர்வு வங்கி ஒரு குறிப்பு வெளியிட்டது. காசையும் கிருமியையும் சேர்த்து இணையத்தில் தேடுவது உச்சத்தில் இருப்பதாகவும், மற்றப் பொருட்களோடு ஒப்பிடும்போது தாள் வழியாகத் தொற்றும் வாய்ப்புக் குறைவு என்றும் அது சொன்னது. எல்லோரும் அழுத்துகிற எண் பலகைகளைப் பற்றியும் அது எச்சரித்தது. பின்னர் ஐரோப்பிய மத்திய வங்கியும் ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து யூரோத் தாள்களிலும் நாணயங்களிலும் கிருமியை வைத்துச் சோதித்தன. ஈரம் உலர்ந்த பிறகு விரலுக்கு ஒட்டுவது மிகமிகக் குறைவு என்று 2021இல் முடிவு வந்தது.

ஆக, அந்தத் தாயின் கைக்குட்டையில் இருந்த சில்லறை யாருக்கும் நோய் கொடுத்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அச்சம் தன் வேலையைச் செய்துவிட்டது. 2020 யூலையில் ஐரோப்பிய மத்திய வங்கி யூரோ நாடுகளில் நடத்திய கருத்தாய்வில், பத்தில் நான்கு பேர் முன்னரைவிடக் காசைக் குறைவாகப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பிரான்சில் 2019இல், கடையில் அட்டையால் நடந்த கொடுப்பனவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் தொடாமல் காட்டிக் கொடுத்தது. 2021இல் அது பாதியைத் தாண்டிவிட்டது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மக்கள் காசைச் செலவழிப்பதைக் குறைத்தார்கள். சேர்த்து வைப்பதைக் கூட்டினார்கள். 2020இல் யூரோத் தாள்களின் மொத்த மதிப்பு சுமார் 11 விழுக்காடு வளர்ந்தது. கடையில் தொட அஞ்சிய தாளை அலுமாரியில் அடுக்கி வைத்தார்கள். கிருமிக்குப் பயந்ததுதான் முழுக் காரணம் என்றால் அலுமாரியும் காலியாகியிருக்க வேண்டும். நாளை என்ன நடக்குமோ, வங்கி திறக்குமோ, ஊரில் யாருக்கு என்ன ஆகுமோ என்ற கலக்கத்தில், கையில் இருப்பதே உறுதி என்று மக்கள் நினைத்தார்கள். போரைப் பார்த்து வந்த நமக்கு இந்த மனம் நன்றாகப் புரியும்.

இனி, அறிஞர்கள் இதை எப்படி ஆராய்ந்தார்கள் என்று பார்ப்போம். புதிய கருவியொன்றை மனிதர் ஏற்பதற்கு இரண்டு எண்ணங்கள் முக்கியம் என்று 1989இல் பிரெட் டேவிஸ் எழுதினார். ஒன்று, இது எனக்குப் பயன்படும் என்ற எண்ணம். மற்றது, இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம். 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் அதை விரித்து, சுற்றத்தாரின் செல்வாக்கையும் துணை வசதிகளையும் சேர்த்தார்கள். கொரோனாக் காலத்தில் எழுந்த ஏராளமான ஆய்வுகள் இந்தச் சட்டகத்தை எடுத்து, அதோடு நோய் அச்சத்தை இணைத்தன. நோய் அச்சத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க இலவச எக்ஸ்ரே வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். இலவசமாகக் கொடுத்தும் ஏன் வரவில்லை என்று கேட்கப் போய், மனிதர் தன் ஆபத்தையும் அதைத் தடுக்கும் வழியின் பலனையும் இடைஞ்சலையும் எப்படி எடைபோடுகிறார் என்ற கோட்பாடு பிறந்தது.

இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றில் ஒரு குறை இருக்கிறது. பெரும்பாலானவை ஒரு தனிமனிதரிடம் வினாத்தாளைக் கொடுத்து, இது எளிதா, இது பயனா, உங்களுக்குப் பயமா என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடச் சொல்கின்றன. நம் வீடுகளில் இந்த முடிவைத் தனிமனிதர் எடுப்பதில்லை. ஒருவருடைய வருமானம் எந்த வழியாக அவர் கைக்கு வருகிறது, அவருடைய கடைக்காரருக்கு எது கட்டுப்படியாகிறது, சிக்கல் வந்தால் அவர் யாரிடம் போய் நிற்பார் என்ற மூன்றும் சேர்ந்துதான் அவர் எப்படிக் காசு கொடுப்பார் என்பதைத் தீர்மானிக்கின்றன. மனப்பான்மை அதற்குப் பிறகு வருவது. இதுதான் இந்த உரையில் நான் சொல்ல விரும்புவது.

வருமானத்தை முதலில் எடுக்கிறேன். நம்மவர்களில் எத்தனையோ பேர் இந்த நகரத்தின் உணவகச் சமையலறைகளில் உழைத்தவர்கள், உழைக்கிறவர்கள். 2020 மார்ச் 14 நள்ளிரவோடு உணவகங்கள் மூடப்பட்டன. அரசு பகுதி நேர வேலையிழப்புக் கொடுப்பனவு அறிவித்தது. கைக்கு வரும் சம்பளத்தில் சுமார் 84 விழுக்காடு. நல்ல திட்டம். ஆனால் அந்தக் கணக்கு சம்பளச் சீட்டில் எழுதியிருந்த மணித்தியாலங்களுக்கு மட்டும்தான். சம்பளத்தின் ஒரு பகுதியை உறையில் வாங்கி வந்தவருக்கு அந்தப் பகுதி ஒரே இரவில் இல்லாமல் போனது. உணவகங்கள் யூனில் திறந்து, அக்டோபர் இறுதியில் மறுபடி மூடி, அடுத்த ஆண்டு மே 19இல்தான் வெளி மேசைகளோடு திறந்தன. உறையில் வரும் காசுக்கு வங்கி வழியில்லை. வங்கியில் இல்லாத காசைக் கைத்தொலைபேசியால் எப்படிக் கொடுப்பது? அவரை எந்த வினாத்தாளும் தொழில்நுட்பத்தைக் கண்டு தயங்குகிறவர் என்று பதிவு செய்யும். தயங்கியது அவருடைய மனம் அல்ல. அவருடைய சம்பளம் வந்த வழி அப்படி.

இதற்கு நேர் எதிரான நிலையில் இன்னொரு கூட்டம் இருந்தது. புகலிடக் கோரிக்கையாளர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை, தனியாளுக்கு நாளொன்றுக்கு 6 யூரோ 80 சதம். அது ஓர் அட்டையில் ஏற்றப்படும். முன்னர் அந்த அட்டையால் இயந்திரத்தில் காசு எடுக்கலாம். 2019 நவம்பர் 5 முதல் அந்த வசதியை நிறுத்தி, கடையில் தேய்ப்பதற்கு மட்டும் உரிய அட்டையாக்கினார்கள். அப்போது மாதத்துக்கு 25 தடவை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 50 சதம். கொள்ளைநோய் வருவதற்கு நான்கு மாதம் முன்பே, இந்த நாட்டின் ஆக வறிய மனிதர்களிடமிருந்து தாள் காசை எடுத்துவிட்டார்கள். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. பத்து யூரோவுக்குக் குறைந்தால் அட்டை எடுக்கமாட்டோம் என்ற அறிவித்தலுக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஏழு யூரோகூட இல்லாத ஒருவர் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்த அறிவித்தல் ஒரு பூட்டிய கதவு. பாணும் பழமும் வாங்கச் சந்தைக்குப் போகவும் வழியில்லை. சந்தையில் பல வியாபாரிகளிடம் இயந்திரம் இல்லை. ஏற்பு என்ற சொல்லை ஆய்வாளர்கள் எழுதும்போது, ஏற்காமல் இருக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்றும் கேட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது, கடைக்காரர். அவர் பிடிவாதக்காரர் அல்ல. ஒவ்வொரு அட்டைக் கொடுப்பனவுக்கும் வங்கிக்கு ஒரு பங்கு போகிறது. அட்டை கொடுத்த வங்கி எடுக்கும் பங்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 இறுதியிலிருந்து உச்சம் வைத்திருக்கிறது: பற்று அட்டைக்கு 0.2 விழுக்காடு, கடன் அட்டைக்கு 0.3 விழுக்காடு. அதற்கு மேல் இயந்திர வாடகையும் கடைக்காரரின் சொந்த வங்கி எடுக்கும் கட்டணமும் உண்டு. ஒரு கட்டு வெங்காயத்தாளில் சில சதம் மிஞ்சும் வியாபாரத்தில் இது உறைக்கும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டைப் பார்க்கவேண்டும். இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கிய, கைத்தொலைபேசியால் கணக்கிலிருந்து கணக்குக்குக் காசு அனுப்பும் யூபிஐ முறை, இன்று சென்னையில் பூக்காரம்மாவின் கூடை வரை வந்திருக்கிறது. அங்கே "ஜீபே பண்ணிடுங்க" என்பது அன்றாடப் பேச்சு. கொரோனாதான் இதை வளர்த்தது என்று பலரும் சொல்வார்கள். எண்களைப் பார்த்தால் கதை சற்று வேறு. 2020 மார்ச்சில் சுமார் 125 கோடி யூபிஐ பரிமாற்றங்கள் நடந்தன. முழு முடக்கமான ஏப்ரலில் அது சுமார் 100 கோடியாக இறங்கியது. கடை மூடியிருந்தால், பேருந்து ஓடாவிட்டால், கூலி இல்லாவிட்டால் எந்த முறையிலும் காசு கைமாறாது. மே மாதம் பழைய நிலைக்கு வந்து, அக்டோபரில் 200 கோடியைத் தாண்டியது. ஓராண்டு கழித்து 2021 அக்டோபரில் 420 கோடி.

அந்த ஏற்றத்துக்குக் கிருமி மட்டும் காரணமாக இருக்கமுடியாது. 2020 சனவரி 1 முதல், யூபிஐ வழியாக வரும் காசுக்கு வணிகரிடமிருந்து எந்தக் கட்டணமும் எடுக்கக்கூடாது என்று இந்திய அரசு விதித்துவிட்டது. கொள்ளைநோய் வாசலுக்கு வந்தபோது தேநீர்க் கடைக்காரருக்கு யூபிஐயின் கட்டக் குறி (கியூஆர்) ஒட்டுப்படத்தைச் சுவரில் ஒட்டுவதால் ஒரு காசும் நட்டமில்லை. இயந்திர வாடகையும் இல்லை. பணம் வந்து சேர்ந்ததைத் தமிழிலேயே உரக்கச் சொல்லும் சிறு பெட்டியும் பிறகு பரவலானது. கை வேலையாக இருக்கும் கடைக்காரர் திரையைப் பார்க்கவேண்டியதில்லை. தன் மொழியில் காதால் கேட்டால் போதும். கென்யாவிலும் இதே பாடம்தான். 2020 மார்ச் 16 அன்று, எம்-பெசா என்ற கைத்தொலைபேசிக் காசுச் சேவையில் ஆயிரம் ஷில்லிங் வரை அனுப்புவதற்கான கட்டணத்தை நீக்குவதாக சஃபாரிகொம் நிறுவனம் அறிவித்தது.

இந்தியாவில் 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பைப் பற்றி நிக்கோலா குரூசே, அபூர்வ் குப்தா, ஃபிலிப்போ மெசானொட்டி மூவரும் செய்த ஆய்வு இங்கே மிகவும் உதவுகிறது. தாள் தட்டுப்பாடு சில மாதங்களில் தீர்ந்தது. ஆனால் அந்தச் சில மாதங்களில் மின்வழிக்கு மாறிய கடைகள் பெருமளவு அங்கேயே தங்கின. புதிய கடைகளும் தொடர்ந்து சேர்ந்தன. பக்கத்துக் கடை எடுத்தால் வாடிக்கையாளர் என் கடையிலும் எதிர்பார்ப்பார். நான் எடுத்தால் அடுத்தவரும் எடுக்கவேண்டி வரும். அதிர்ச்சி தற்காலிகமானது, அதன் விளைவு அப்படி அல்ல. லா சப்பலிலும் இதுவே நடந்தது. முடக்கத்தில் பத்து யூரோ அறிவித்தலைக் கழற்றிய கடை, அதை மறுபடி ஒட்டத் துணியவில்லை. வாடிக்கையாளர் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று தெரியும்.

இன்னொரு ஆசிரியரும் நமக்கு வாய்த்தார். எந்த ஆய்விலும் அவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது அரசின் அனுமதிப் படிவம். முடக்கத்தின் தொடக்கத்தில் வெளியே போவதற்கான படிவத்தைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொண்டு போனோம். 2020 ஏப்ரல் 6 முதல் அதைக் கைத்தொலைபேசியில் நிரப்பலாம் என்றார்கள். காவலர் கட்டக் குறியைப் படித்துச் சரிபார்ப்பார். பிறகு 2021 யூன் 9 முதல் சுகாதாரச் சான்று; ஆகஸ்ட் 9 முதல் உணவகத்துக்குள் நுழையவும் அதே கட்டக் குறி. குறுஞ்செய்திகூட அனுப்பாத எத்தனையோ தந்தைமார், திரையில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டத்தைத் திறந்து இன்னொருவரிடம் நீட்டப் பழகியது அந்த நாட்களில்தான். எளிது என்ற எண்ணம் இப்படித்தான் உண்டாகிறது; விளம்பரத்தால் அல்ல, கட்டாயமாகக் கை பழகுவதால்.

மூன்றாவதற்கு வருகிறேன். நம்பிக்கை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

நம் வீடுகளில் வங்கிச் செயலியைத் தாயின் தொலைபேசியில் ஏற்றியது பிள்ளை. இரகசிய எண்ணைத் தெரிவு செய்ததும் பிள்ளைதான். பெரும்பாலும் தன் பிறந்த ஆண்டை வைத்திருக்கும். செயலி பேசுவது பிரெஞ்சு. வங்கியிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தால் தாய் அதைப் பிள்ளை வேலையால் வரும்வரை திறந்து பார்ப்பதில்லை. தாய் நம்புவது வங்கியையா, செயலியையா? அவர் நம்புவது மகளை. மகள் லியோனுக்கு வேலை மாறிப் போனால் அந்தச் செயலி அப்படியே தூங்கும்; தாய் மறுபடி காசு எடுக்க இயந்திரத்தடிக்குப் போவார். ஆய்வுகளில் சுற்றத்தார் செல்வாக்கு என்ற பெயரில் ஒரு வரியாக வருவது, நம் வீட்டில் முழுக் கட்டடத்தையும் தாங்கும் தூண்.

பெண்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு, அதை நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அரிசிப் பானைக்குள்ளும் புடைவை மடிப்புக்குள்ளும் வைக்கும் காசு யாருக்கும் கணக்குக் காட்டாத காசு. அது ஊரிலுள்ள தங்கைக்கு அனுப்ப, பிள்ளையின் அவசரத்துக்குக் கொடுக்க, சில வீடுகளில் வீட்டை விட்டு வெளியேற. கைத்தொலைபேசியில் ஒவ்வொரு சதமும் பதிவாகிறது. கூட்டுக் கணக்காக இருந்தால் கணவர் பார்ப்பார். ஒரு தாய் தாள் காசில் பிடிவாதமாக இருந்தால் அறியாமை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவருக்கு உள்ள ஒரேயொரு தனிச் சொத்தைக் காக்கிறாராக இருக்கலாம். அவருக்கென்று தனிக் கணக்கும், அவர் மட்டும் அறிந்த இரகசிய எண்ணும் கிடைக்கும்போது அவர் மாறுவார்.

கடைசியாக, ஊருக்கு அனுப்பும் காசு. இதில் நம் சமூகம் முழு உலகத்துக்கும் ஒரு பாடம் தருகிறது. 2020 ஏப்ரலில், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் காசு சுமார் 20 விழுக்காடு குறையும் என்று உலக வங்கி கணித்தது. குறைந்தது 1.6 விழுக்காடுதான். இலங்கைக்கோ அது கூடியது: 2019இல் 6.7 பில்லியன் டொலர், 2020இல் 7.1 பில்லியன். வேலை இழந்தும், உறையில் வந்த சம்பளம் நின்றும், நம்மவர்கள் ஊரை மறக்கவில்லை. ஆனால் வழி மாறியது. 2020 மார்ச்சில் மூடிய கட்டுநாயக்க விமான நிலையம் அடுத்த ஆண்டு சனவரி 21இல்தான் பயணிகளுக்குத் திறந்தது. போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்தனுப்ப முடியவில்லை. வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் காசு அனுப்பும் உண்டியல் முறையும் முடங்கியது. வங்கியும் செயலியும் மட்டுமே திறந்திருந்தன. முன்னர் பார்த்தறியாத செயலிகளை மக்கள் பயின்றார்கள்.

அப்படியென்றால் அவர்கள் அதிலேயே தங்கியிருக்கவேண்டும். தங்கவில்லை. 2021இல் இலங்கை மத்திய வங்கி டொலரின் விலையை ஏறத்தாழ 203 ரூபாயில் இறுக்கிப் பிடித்தது. வங்கிக்கு வெளியே அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அதிகாரபூர்வ வழியில் போனது 5.5 பில்லியன். 2022இல் 3.8 பில்லியன். நாடே வங்குரோத்தாகி, எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்று மயங்கி விழுந்த ஆண்டு அது. செயலி முன்னரைப்போலவே எளிதாக இருந்தது. விரல்களும் பழகியிருந்தன. ஆனால் அந்த வழியில் அனுப்பினால் தாய்க்குப் போய்ச் சேரும் தொகை குறைந்தது. அரசின் மீது இருந்த நம்பிக்கையும் போயிற்று. விலை சீரான பிறகு, 2023இல் தொகை ஏறத்தாழ 6 பில்லியனுக்கு மீண்டது. பயன், எளிமை, அச்சம் என்று எழுதி வைத்திருக்கும் பட்டியலில், நியாயம் என்று ஒன்றையும் சேர்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அரசு கொடுக்கும் உதவியிலும் வழி முக்கியம். தமிழ்நாட்டு அரசு 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்காரருக்கு 1,000 ரூபாயை நியாயவிலைக் கடையில் கையில் கொடுத்தது. அதே மாதம் ஒன்றிய அரசு பெண்களின் ஜன் தன் வங்கிக் கணக்குகளில் 500 ரூபாய் போட்டது. கணக்கில் போட்டதை எடுக்க வங்கி வாசலில் நெரிசல். கையில் கொடுக்கவும் வரிசை. நோய்க் காலத்தில் எது நவீனம் என்று பார்க்காமல், யார் கைக்கு எது போய்ச் சேரும் என்று பார்த்த முடிவுகளை நான் மதிக்கிறேன். மூன்று ஆண்டு கழித்து அதே தமிழ்நாடு ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் உரிமைத்தொகையை வங்கிக் கணக்கிலேயே செலுத்தியது. அதற்குள் கணக்கும் இருந்தது. எடுத்துக்கொடுக்க ஏற்பாடும் இருந்தது.

2024 பெப்ரவரி 2 அன்று ஈபிள் கோபுரத்தில் யூபிஐ ஏற்பதாகப் பாரிஸ் இந்தியத் தூதரக விழாவில் அறிவித்தார்கள். சென்னையிலிருந்து வரும் சுற்றுலாப் பயணி கோபுர நுழைவுச் சீட்டை ரூபாயில் வாங்கலாம். நல்லது. ஆனால் கோபுரத்திலிருந்து ஆறு கிலோமீற்றர் தூரத்திலிருக்கும் லா சப்பலில், முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்த ஒரு தாய் தன் செயலியைத் தானே திறக்கமுடியாமல் இருக்கிறார். எனக்கு அவர்தான் கவலை.

அதனால் உங்களிடம் சில வேண்டுகோள்கள். வணிகப் பெருமக்களே, அட்டையையும் கைத்தொலைபேசியையும் சிறு தொகைக்கும் தொடர்ந்து எடுங்கள். நாளைக்கு ஏழு யூரோவில் வாழ்பவருக்கு அது சோறு. அதேபோலத் தாள் காசையும் சில்லறையையும் மறுக்காதீர்கள். பிரான்சில் செல்லுபடியாகும் யூரோவை வாங்க மறுப்பது சட்டப்படி குற்றம். 150 யூரோ வரை தண்டம். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், இந்தத் தெருவை அந்தச் சில்லறையால் கட்டியெழுப்பிய தாய்மாருக்காக வாங்குங்கள்.

இளையோரே, தாயின் தொலைபேசியை வாங்கி நீங்களே செய்து முடித்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இருந்து அவர் விரலாலேயே செய்ய விடுங்கள். இரகசிய எண்ணை அவரே தெரிவு செய்யட்டும், உங்களுக்கும் சொல்லவேண்டாம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவர் எண்ணைக் கேட்டாலும் தொலைபேசியை வைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். வங்கி ஒருபோதும் அதைக் கேட்காது. இந்த மண்டபம் போன்ற இடங்களைச் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் திறந்து வைக்கச் சங்கங்கள் முன்வந்தால், தமிழில் சொல்லித்தர உங்களில் பலர் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தாய்மாரே, உங்களுக்கு ஒன்று. உங்களுடைய அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து காசு போயிருந்தால், உடனே வங்கிக்கு அறிவியுங்கள். ஐரோப்பாவுக்குள் நடந்த அத்தகைய எடுப்பை மறுத்து முறையிட இந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பதின்மூன்று மாத அவகாசம் தருகிறது. உங்கள் பக்கம் பாரதூரமான கவனக்குறைவு இருந்ததென்று வங்கி நிரூபித்தால் ஒழிய, அந்தக் காசை வங்கி திருப்பித் தந்தாகவேண்டும். பிரெஞ்சு தெரியாது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். பிள்ளையையோ சங்கத்து இளைஞரையோ கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.